சாங்கா வீட்டுப் பிடியரிசி

ஐஸ்வாலில் அந்த மலைச்சரிவில் ரோசுங்கியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குகிறவள். உலை வைக்கும்போதெல்லாம் திருச்சபைக்கென்று ஒரு பிடி அரிசியை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் எந்த வீட்டிலும் மிச்சத்தைக் களைவார்கள். அந்தப் பிடியரிசியை வீடு வீடாக வாங்கிச் சேர்ப்பது அவள் பொறுப்பு.

வாங்குவது அரிசி, கொடுப்பது பேச்சு. அம்மாடி, என்ன வாய்! பரீட்சையில் கோட்டை விட்ட பெண்ணிடம், "கர்த்தர் இன்னொரு வருஷம் உன்னை அம்மா கையால சாப்பிட வைக்கிறாருடி, அழுவாளா?" என்பாள். பன்றி செத்த வீட்டுக்காரனைக்கூடச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் படியிறங்குவாள். துவண்டவர்களைத் தூக்கி நிறுத்துவதே தன் ஊழியம் என்று மனதார நம்பினாள். அந்த ஊழியம்தான் அவளைக் கடைசியில் மாட்டிவிட்டது.

மேல்படி வீட்டில் தாங்மாவி இருந்தாள். ஊருக்கு அவள் சாங்கா அம்மா. புருஷன் இல்லை, ஒரே மகன் சாங்கா. இருபத்திரண்டு வயதில் அவனுக்கு ஈரல் கெட்டு, பெரிய டாக்டரும் கையை விரித்துவிட்டார். டப்பாவை வாங்கப் போன ரோசுங்கி அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். வாய் முந்திக்கொண்டது.

"பயப்படாதே, சாங்கா அம்மா. நேத்து ஜெபத்துல கர்த்தர் என்கிட்டச் சொல்லிட்டார். உன் பிள்ளை எழுந்து நடப்பான்."

அன்று முதல் தாங்மாவி ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டாள். ஒன்பது வாரமும் டப்பா விளிம்பு தட்டியது. பத்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை சாங்கா போய்விட்டான்.

அடக்கம் முடிந்த முதல் சனிக்கிழமை ரோசுங்கி அந்த வீட்டைத் தாண்டிப் போனாள். இரண்டாம் சனிக்கிழமையும் அப்படியே. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்கு ஒரு கதவைத் தட்டத் தைரியமில்லை, பாவி! இதற்குள், சாங்கா அம்மா அடுப்பே பற்றவைப்பதில்லை, கொண்டுபோய்க் கொடுத்தாலும் தொடுவதில்லை என்று அக்கம்பக்கம் பேசத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் மகன் பின்னாலேயே போய்விடுவாள் என்றார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை ரோசுங்கி அந்தக் கதவைத் தட்டினாள்.

"வாங்கக்கா. டப்பா அங்கதான் இருக்கு," என்றாள் தாங்மாவி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

டப்பாவில் ஒரு மணி இல்லை. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்றே? பொங்கிச் சாப்பிட வேண்டாமா?"

"யாருக்குப் பொங்க?" தாங்மாவி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்கக்கா."

ரோசுங்கி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்ல முடியலடி. கர்த்தர் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல, நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு பிடி போட்டேன். யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்லணும்னு இருந்துச்சுக்கா. நீங்க ஒருத்திதான் சொன்னீங்க."

ரோசுங்கிக்கு அழுகை பீறிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சாக்கை அவிழ்த்து இரண்டு கிண்ணம் அரிசியைப் பானையில் அளந்து போட்டாள்.

"அது சபை அரிசிக்கா. மூப்பர் கத்துவார்."

"கத்தட்டும். கர்த்தரே கேட்டாலும் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

களையப் போகும்போது பழக்க தோஷத்தில் கை ஒரு பிடியை அள்ளி டப்பாவுக்குக் கொண்டுபோனது. தாங்மாவி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. கர்த்தருக்கு இன்னைக்கு வேண்டாம்."

ஊழியக்காரி என்றால் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரோசுங்கி விரல்களைத் திறந்து அந்தப் பிடியையும் பானையிலேயே விட்டாள். உலை கொதிக்கும்வரை தாங்மாவி பிடித்த கையை விடவில்லை.