தொலையாத மணிக்கூடு

என் கணவரின் கைமணிக்கூட்டை ஒளித்துவைத்தவள் நான்தான். அது தொலைந்துவிட்டதென்று அவரை நம்பவைத்தவளும் நானே!

கள்ளி என்று என்னை நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

கலியாணமான புதிதில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில் கிடைத்த என் முதற் சம்பளத்தில் வாங்கினேன். யப்பான் தயாரிப்பு. பற்றரி இல்லை, சாவி கொடுக்கவும் தேவையில்லை. கட்டியிருப்பவரின் கையசைவிலேயே ஓடும். தடித்த உருக்குப் பட்டி, இருட்டில் பச்சையாய் ஒளிரும் முட்கள். இணுவிலில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போதும் அதைக் கழற்றமாட்டார். சற்று முந்தியே ஓடும். “உம்மைப் போலத்தான், அவசரக்காரி” என்று சிரிப்பார்.

பிறகு லண்டனிலிருந்து என் அண்ணை ஒன்றை அனுப்பினார். சுவிஸ் தயாரிப்பு. அதுவும் தானாக ஓடுவதே... ஆனால் எவ்வளவு மெல்லியது! கறுப்புத் தோற்பட்டி. பின்புறக் கண்ணாடியூடாக உள்ளே பொன்னிறத் தகடு சுழல்வது தெரியும். அதன் விலைக்கு என்னுடையதைப் போல ஒரு பெட்டி நிறைய வாங்கலாம்.

“வடிவாய்த்தான் கிடக்கு. தோட்டத்துக்கு உது சரிவராது” என்று அவர் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கட்டாமல் கிடந்து அது நின்றுபோனது.

நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணை வருவதாகச் சொன்னார்.

“இஞ்சருங்கோ, அண்ணை நிக்கிற நாளிலையாவது அவர் தந்ததைக் கட்டுங்கோவன்.”

“அது கிடக்கட்டும். இது நீர் தந்ததெல்லே?”

அந்தச் சொல்லில் நான் உருகியிருக்க வேண்டாமா? உருகவில்லை. அண்ணையின் கண் அந்த மலிந்த உருக்குப் பட்டியில் விழுமே என்றுதான் கூசினேன். என் அன்பைப் பார்த்து நானே வெட்கப்பட்டேனா? இன்றும் தெரியவில்லை...

அவர் எண்ணெய் வைத்து முழுகப் போன நேரம், மேசையில் கழற்றி வைத்திருந்ததை எடுத்து, அலுமாரியில் என் கூறைச்சேலைக்கு அடியில் ஒளித்தேன். அண்ணை போனதும் கொடுத்துவிடலாம், அவ்வளவுதானே!

“மேசையிலை நீங்கள் வைக்கேல்லை, தோட்டத்திலைதான் விழுந்திருக்கும்” என்று சாதித்தேன். அவர் பாத்தி பாத்தியாகத் தேடினார். கிணற்றடிச் சேற்றைக் கையால் அளைந்தார். வேறு வழியில்லாமல் அண்ணை தந்ததைக் கட்டினார். அண்ணை மகிழ்ந்து போனார்.

அண்ணை லண்டன் திரும்பிய அன்று மாலையே, ஒளித்ததை எடுத்துக் கொடுக்க எழுந்தேன். அவர் என் அருகில் வந்து இருந்தார்.

“உம்மட்டை மன்னிப்புக் கேக்கோணும். நீர் ஆசையாய்த் தந்ததைத் துலைச்சுப்போட்டன்.”

கண் கலங்கியிருந்தது. என்னிடம்... அவர் மன்னிப்புக் கேட்டார்! “பரவாயில்லை விடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெருந்தன்மையை எண்ணினால் இன்றும் உடல் கூசுகிறது.

சென்ற மாதம் பட்டணம் போய் வந்தவர், வாசலிலேயே கையை நீட்டினார்.

“பாரும், கிடைச்சிட்டுது! வாய்க்காலுக்கை கிடந்தது.”

அதே யப்பான் மணிக்கூடு. அதே பட்டி, அதே பச்சை முட்கள். எத்தனை கடை ஏறி இறங்கினாரோ! நான் கொடுத்தது அந்த நேரத்திலும் சேலைக்கு அடியில்தான் கிடந்தது.

பொய் சொல்லத் தெரியாதவர். காது மடல்கள் சிவந்திருந்தன. என் மனம் ஆறவேண்டும் என்பதற்காக ஒரு பொய்... நானோ?

“அதேதான்” என்றேன்.

“இனித் துலைக்கமாட்டன். நீரே கட்டிவிடும்.”

கட்டிவிட்டேன். புதுக் கொளுக்கி இறுக்கமாக இருந்தது. மூன்றாம் தரம்தான் பூட்டுப்பட்டது. சந்தோசத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்து, அவர் மற்றக் கையால் என் தலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.