எட்டாம் எண் நோயாளிகள்

பிரேசர் டவுனில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டருக்கு, வைட்ஃபீல்டில் இருந்த எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, நோயாளி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது என்பதுதான்.

"எட்டு சனியோட நம்பர் சார். கார்டுல பாத்தா பேஷன்ட் எழுந்து போயிடுவாங்க," என்றார். நான் சிரித்துவிட்டேன்.

சீட்டுக்குத் திரும்பியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் எம்.பி.பி.எஸ். படித்தவர். டேட்டாபேஸில் புதிதாக யார் சேர்ந்தாலும் அடுத்த எண்ணைத் தானாகவே கொடுக்கும் வசதி எங்கள் ஃபிரேம்வொர்க்கில் ஒழுங்காக இருந்தது. அதை அணைத்துவிட்டு, எட்டு, பதினேழு, இருபத்தாறு என்று அந்த வகை எண்களையெல்லாம் தாண்டிப் போகும் புரோகிராமை நானே எழுதினேன். சனிக்குப் பயந்து ஓடும் அந்தப் புரோகிராமின் தலையில் என் பெயர்தான் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து பிரிண்டர் கோளாறு என்று கூப்பிட்டார்கள். போனபோது, மறுபடி சிகிச்சைக்கு வந்தவர்களின் பட்டியலை டாக்டர் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

"அன்னிக்குச் சிரிச்சீங்களே சார், இப்போ நீங்களே பாருங்க. எட்டு, பதினேழு, இருபத்தாறு. ஒருத்தர்கூட திரும்பி வரல."