கடல் பார்க்க மழை வேண்டும்

கடல் பார்க்கப் போவதற்காக மழை கேட்டுச் சாமி கும்பிட்ட குடும்பத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். அது எங்கள் குடும்பம்தான்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை சடசடவென்று விழுந்தது. நானும் பிள்ளைகள் இருவரும் பாயைச் சுருட்டி எறிந்துவிட்டுக் குதித்தோம். என் மனைவி பாக்கியம் மட்டும் போர்வையை விலக்கவில்லை.

"குதிங்க, குதிங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல என் தம்பி முத்தையா வந்து ரோட்டுல தண்ணின்னு சொல்லுவான். அப்புறம் வந்து படுங்க" என்றாள்.

சொன்னபடியேதான் நடந்தது. அதற்கு முன்னால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு இது தெரியும். காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவதும், அவர்கள் வெட்டிக் கொண்டுவரும் ரப்பர் பாலை அளப்பதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் மரம் பால் தருகிறது. ஆகவே ஞாயிறும் வேலைதான்.

பாக்கியம் எட்டு வயதில் தூத்துக்குடியில் கப்பல் ஏறி வந்தவள். அடித்தட்டில் ஆட்களோடு ஆளாக அடைத்துவிட்டார்கள். வாந்தி எடுத்து எடுத்துச் சோர்ந்துபோன பிள்ளையை அவள் அம்மா முந்தானையால் மூடி மடியில் போட்டுக்கொண்டார். கொழும்பில் இறக்கியபோதும் வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். "கடல் மேலயே வந்தவ நான். ஆனா பாத்தது எங்கம்மா முந்தானையத்தான்" என்பாள். அந்த அம்மா இங்கே வந்து இரண்டே வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார்.

கலியாணமான நாளிலிருந்து பாக்கியம் என்னிடம் கேட்ட ஒரே ஆசை, ஒருமுறை கடலைப் பார்க்க வேண்டும் என்பது. நானும் பன்னிரண்டு வருஷமாக 'ஆகட்டும், ஆகட்டும்' என்று சொல்லி வந்திருக்கிறேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, இந்த வருஷம் போய்விடுவது என்று முடிவு செய்தோம். திட்டம் போடும் பொறுப்பை மைத்துனன் முத்தையா எடுத்துக்கொண்டான். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் முஸ்லிம் வியாபாரி சாலி நானாவின் மளிகைக் கடையில் வேலை செய்கிறவன். கருவாடு ஏற்றிவர ஒரே ஒரு தடவை லாரியில் தென்கரையில் உள்ள காலி நகரம் வரைக்கும் போய் வந்ததால் அவனைக் கேட்காமல் யாரும் கடலைப் பற்றிப் பேச முடியாது.

"மச்சான், பாணந்துறையில பிளேன்டீ. களுத்துறையில மங்குஸ்தான். பேருவளையில பொரிச்ச மீனு. பெந்தோட்டையில எளநி. அதோட திரும்பிரணும்."

"கடல் எங்கடா வருது?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு வலது கைப் பக்கம் வந்துக்கிட்டே இருக்கும் மச்சான். அதுக்குன்னு நிக்கணுமா?"

நான் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கடலைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் பெரிய காகிதத்தில் தென்மேற்குக் கரையை வரைந்து, எங்கே சாப்பாடு, எங்கே பிள்ளைகள் கால் நனைப்பது என்றெல்லாம் குறித்துவைத்தேன்... பார்க்காத ஒன்றைப் பற்றி மனிதன் எவ்வளவு தைரியமாகத் திட்டம் போடுகிறான், பாருங்கள்.

காருக்குப் பிரச்சினை இல்லை. சாலி நானாவிடம் ஒரு பழைய கார் உண்டு, டிரைவரும் உண்டு. லீவுதான் பாக்கி.

லீவு கேட்கக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போனேன். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. கலியாணமோ சாவோ, யார் பயணம் போனாலும் பங்களா வாசலில் வரிசையாக நின்று துரையிடம் சொல்லிவிட்டுத்தான் போவோம். நான் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் பாக்கியம், அவளுக்குப் பின்னால் பிள்ளைகள்.

"எங்கே போறது?" என்றார் துரை.

"கடல் பாக்கங்க, தொரை. ஒரு நாளு."

கணக்கப்பிள்ளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார் போலும். கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். "மழை வந்தா பால் வெட்டு இல்லே. மழை வந்தா போ. வெயில் வந்தா வேலை."

துரைக்கும் கடல் ஆசை உண்டு. டாக்டர் உப்புக்காற்று பிடிக்கச் சொன்னாராம். மாதத்தின் முதல் வாரத்தில், நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பின் சீட்டில் அவருடைய நாய் பிரின்ஸ் தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடல் பார்க்க அது எந்த வாசலிலும் வரிசையில் நின்றதில்லை.

ஆக, நாங்கள் மழை கேட்டுச் சாமி கும்பிட்டுக் காத்திருந்தோம். முதல் மழை வந்தது. பாக்கியம் புளிச்சோறு கிளறினாள். பிள்ளைகளுக்குத் தலை வாரினாள். முத்தையா நனைந்துகொண்டே ஓடிவந்தான். "ருவன்வெல்லைப் பக்கம் ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு ஏறிருச்சாம்." ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டோம்.

இரண்டாவது மழை. மறுபடி புளிச்சோறு. இந்தத் தடவை நானே குடை பிடித்துக்கொண்டு சாலி நானாவிடம் இறங்கிப் போனேன். அவர் கடைக்குள் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கார் ஈக்கி, கணக்கப்பிள்ள. ரோட்டுத்தான் இல்ல" என்றார்.

மழை வந்தால் லீவு உண்டு, ரோடு இல்லை. வெயில் வந்தால் ரோடு உண்டு, லீவு இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைத் துரை யோசித்துச் செய்தாரா, தானாக அமைந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மழைதான் போன செவ்வாய். பாக்கியம் எழுந்திருக்கவில்லை என்றேனே... எழுந்த பிறகும் புளி கரைக்கவில்லை. முத்தையா வந்து "தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, நான் என் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த மழைக்கு அவிசாவளையைச் சுற்றிப் போக வழி உண்டா என்று தேடினேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். பிரட்டுல தெனமும் பேர் கூப்பிடுறீங்களே, அதுல எம்பேரு இருக்கா?"

"உன் பேரு எதுக்கு இருக்கணும்? நீ மலைக்கா போற?"

"பிள்ளைங்க பேரு?"

"இல்ல."

"அப்ப லீவு உங்களுக்குத்தானே வேணும். எங்களுக்கு எதுக்கு?"

தினமும் இருநூறு பேரைக் கூப்பிடுகிறவன் நான். அதில் என் மனைவி பேர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வரிசையில் நின்ற பழக்கத்தில், ஒருவனுடைய லீவை நாலு பேர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வருஷமாக அவளை நிறுத்திவைத்தது துரை இல்லை, நான். இதை நினைக்க நினைக்கச் சங்கடமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். சாலி நானாவின் கார் தோட்டத்து ரோட்டின் கீழ் முனையில் வந்து நின்றது. பாக்கியமும் பிள்ளைகளும் முத்தையாவும் புளிச்சோற்றோடு ஏறிக்கொண்டார்கள். நான் பிரட்டுக் களத்து மேட்டிலிருந்து பார்த்தேன். என் திட்டக் காகிதத்தைக் கொண்டுபோகும்படி சொல்லியிருந்தேன். அதில்தான் அவள் ஊறுகாயைப் பொதிந்து எடுத்துப் போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பினார்கள். பிள்ளைகள் சட்டைப் பையெல்லாம் மணல். முத்தையாதான் முந்திக்கொண்டு சொன்னான்.

"மச்சான், பெந்தோட்டையில யாரப் பாத்தோம் தெரியுமா? பிரின்சு நேரா வந்து நம்ம சோத்துப் பானைய மோந்துச்சு. பின்னாடியே தொரை. அரைக் காற்சட்டையோட, தொப்பலா நனைஞ்சு, வெயில்ல மூக்கெல்லாம் செவந்து."

நான் குறுக்கிட்டேன். "தொரை என்ன சொன்னாரு?"

"கணக்கப்பிள்ளை எங்கேன்னு கேட்டாரு" என்றாள் பாக்கியம்.

"நீ?"

"வேலையில இருக்காருங்க தொரை, இன்னைக்கி வெயிலாச்சேன்னு சொன்னேன்."

துரை நாயைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாராம். வேலை போகுமோ என்ற பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். "கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவள் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பெருசா இருந்துச்சு. எங்கம்மா மூடாம விட்டிருந்தா பயந்துருப்பேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னாள். "அங்க யாரும் என்னைய எதுக்கு வந்தேன்னு கேக்கலங்க. தொரைகூட உங்களத்தான் கேட்டாரு."

அடுத்த நாள் காலை பிரட்டுக்குத் துரை வந்தார். மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். வானத்தை ஒரு பார்வை பார்த்தார். பங்களாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆக, என் மனைவி கடலைப் பார்த்தாயிற்று, பிள்ளைகள் பார்த்தாயிற்று, துரையின் நாயும் பார்த்தாயிற்று. பாக்கி இருப்பது நானும் மலையில் நிற்கிற ரப்பர் மரங்களும்தான் — மழை பெய்தால்தான் எங்களுக்கு லீவு.