முனுசாமி அண்ணாவும் ஒரு துண்டு மாம்பழமும்

முனுசாமி அண்ணா போய்விட்டார்.

காலையில் குவைத்தில் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவர் மகள் சரளாவின் மெசேஜில்தான் சாவுச் செய்தி வந்தது.

போன வாரம்தான் வீடியோ காலில் கேட்டார். "சீசன் முடியப்போது சிஸ்டர். ஒரே ஒரு துண்டு மாம்பழம் துன்னட்டா?"

டாக்டர் சரி என்றால், டயாலிசிஸ் மெஷினில் இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் என்றேன்.

கிட்னி போனவர்களுக்கு மாம்பழத்தின் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கிவிடும்; மெஷின்தான் எடுக்க வேண்டும். ரொம்ப ஏறினால் இதயம் நின்றுவிடும். தெரிந்தும் சொன்னேன்...

பல வருஷம் முன்பு, குவைத்துக்கு வருமுன், நான் திருப்பதியில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ். அண்ணா வாரத்துக்கு மூன்று நாள் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

ஒரு ஜூன் மாதம் அவருக்குப் பொட்டாசியம் இறங்கவே இல்லை. பொட்டாசியம் போகக் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருந்தோமே என்று அண்ணியை விசாரித்தேன்.

"யாராச்சும் கொட்டுவாங்களா? சத்தெல்லாம் அதுலதான கீது. ரசம் வெச்சிட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ரசம் நின்றது. நம்பர் கொஞ்சம்தான் இறங்கியது.

அவர் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இருந்தார். அங்கே என்ன வேலை என்று அன்றுதான் கேட்டேன். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, இனிப்பு சரியா என்று சொல்கிற வேலையாம்!

"பழமே தொடலன்னு சத்தியம் பண்ணீங்களேண்ணா!"

"பழத்த எங்க தொட்டேன்? டூட்டி பாத்துக்கினு இருந்தேன்."

திட்டித் தீர்த்தேன். மறுவாரமே லாரி எடை போடும் இடத்துக்கு மாறிக்கொண்டார். பொட்டாசியம் இறங்கியது. யூனிட்டே மூச்சு விட்டது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓட்டினார் மனுஷர்...

மெசேஜ் பார்த்த கையோடு சரளாவுக்கு போன் செய்தேன். அந்தத் துண்டைச் சாப்பிட்டாரா?

"டாக்டரைக் கேட்டுக்கினுதான் துன்னாரு, அக்கா. அப்பறம் ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாங்க, நார்மல்தான். இது மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சாம். நைனா தூக்கத்துலயே போயிட்டாரு."

அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் கேட்டிருக்கும்.

அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் நான் முதலில் கேட்டது மாம்பழத்தைப் பற்றி. நீ எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

மன்னிச்சிடு சரளா. டியூட்டி முடிந்ததும் கூப்பிடுகிறேன்.

நல்லபடியாகப் போய் வாங்க அண்ணா.