பெயர் சொல்லி ஜெபித்தது

அன்று வகுப்பில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மேலாளாக இருக்கும் ஒரு அம்மா. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒருவர். புதிதாகச் சபை ஆரம்பித்த பாஸ்டர். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆள் அனுப்பும் ஏஜென்சியின் மேனேஜர். கடைசி பெஞ்சில் நான்.

நான் எட்டாவது வரை படித்தவள். சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் வார்டன். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்று சனிக்கிழமைகளில் ஊழியத் தலைமைத்துவம் என்று ஒரு சான்றிதழ் படிப்பு நடத்தியது. சபைக் கடிதம் இருந்தால் போதும், மார்க் ஷீட் கேட்கவில்லை. எங்கள் சபையில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். போனேன்.

ஹாஸ்டலில் சிரித்தார்கள்.

"அக்கா, இன்னா படிக்கிற?"

"தலைமைத்துவம்."

"அப்ப இனிமே கேட்டைப் பூட்டறதுக்குக்கூட மீட்டிங் போடுவியா?"

எனக்கும் சிரிப்பு வந்தது.

தலைவன் என்பவன் முதலில் வேலைக்காரன் என்று பேராசிரியர் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. கக்கூஸ் அடைத்துக்கொண்டால் குச்சி எடுப்பது நான்தான். அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். அவரவர் பொறுப்பில் இருப்பவர்களின் தேவை என்ன என்று சார்ட்டில் எழுதி வர வேண்டும்.

ஹாஸ்டலில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். பிள்ளைகள் ஜெபக் குறிப்பை எழுதி அதில் போடுவார்கள். இந்துப் பிள்ளைகளும் போடுவார்கள். நான் மட்டும்தான் திறப்பேன். புதன்கிழமை விடியற்காலையில் ஒவ்வொன்றாக எடுத்து ஜெபிப்பேன்.

எங்கள் சபையில் பொத்தாம்பொதுவாக ஜெபிக்க மாட்டோம். பெயர் சொல்ல வேண்டும். நோவு சொல்ல வேண்டும். இருக்கிற இடம் சொல்ல வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கம். சார்ட்டையும் அப்படியே எழுதினேன். பெயர், அறை, வேண்டுதல். ஒருத்திக்குக் கண் மங்குகிறது, பார்ட்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒருத்தி அக்காவின் சர்டிபிகேட்டைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இரண்டு வரி எழுதியிருந்தது. எனக்கு வலிப்பு வரக் கூடாது. கம்பெனிக்குத் தெரியக் கூடாது.

இரண்டு வரியையும் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாச் சார்ட்டையும் வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். மற்றவர்கள் சார்ட்டில் ஊக்கம், ஒற்றுமை, நேர மேலாண்மை என்று இருந்தது. பேராசிரியர் என் சார்ட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"பாருங்க, இதுதான் தலைமைத்துவம். இந்த சிஸ்டருக்கு ஒவ்வொருத்தரையும் பேரோட தெரியுது" என்றார்.

கை தட்டினார்கள். எனக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன், அதை மறைப்பானேன். எல்லாச் சார்ட்டையும் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பில் நான் இல்லை.

எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாருமே அந்த மேனேஜரின் ஏஜென்சி ஆட்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கண் மூடி ஜெபிக்கிற மனிதர், அவரும் ஜெபிப்பார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போன தூத்துக்குடிப் பிள்ளை பத்து மணிக்கே திரும்பி வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?"

"கேட்ல கார்டு வேலை செய்யல. செக்யூரிட்டிதான் நம்ம ஏஜென்சிக்குப் போன் போட்டுக் குடுத்தான். வலிப்பு உள்ளவுகளை வைக்க முடியாதுன்னுட்டாக."

அரிசிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

"நான் செய்யுதது ஒயர் கட்டுத வேலை, அக்கா. உக்காந்துக்கிட்டே. வெட்டுத மெசினு கூட இல்ல." பிறகு கேட்டாள். "அந்தச் சீட்டை உங்ககிட்ட மட்டும்தானே குடுத்தேன்?"

"ஆமா. படிப்புக்கு எழுதிக்கினு போனேன்."

அவள் அழவில்லை. "ஊருக்குப் போனா ஏன் வந்தேன்னு கேப்பாக. எங்கம்மாவத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வலிப்புன்னு தெரிஞ்சா என்னைய யாரு கட்டுவா?"

 

சாயங்காலமே கிளம்பிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்ததும் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இனிமே எனக்காக ஜெபிக்காதீக அக்கா" என்றாள்.

சனிக்கிழமை டீ நேரத்தில் மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணை ஏன் நிறுத்தினீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சிஸ்டர், நாளைக்கு லைன்ல விழுந்து அடிபட்டா யார் பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா? நானும் ரெண்டு நாள் ஜெபிச்சிட்டுத்தான் செஞ்சேன்."

"அது ஜெபக் குறிப்பு சார்."

"தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி இருக்கறது பொய் இல்லையா சிஸ்டர்?"

பொய் என்றால் பொய்தான். அந்தப் பிள்ளையும் மறைத்துத்தான் சேர்ந்தாள். ஆனால் அவள் மறைத்ததைக் கடவுளிடம் சொல்லத்தான் டின்னில் போட்டாள். இடையில் நான் கை வைத்தேன்.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர். முகம் வாடித்தான் போனது. "கஷ்டமான விஷயம். அடுத்த வாரம் இதையே பாடமா எடுத்துக்கலாம். பேர் மட்டும் வேணாம்" என்றார்.

பாஸ்டர் ஆமென் என்றார்.

"அந்தப் போட்டோவை அழிச்சிடுங்க சார்" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"குரூப்ல இருக்கு சிஸ்டர். ஆபீஸுக்கும் அனுப்பியாச்சு. நான் ஒருத்தன் அழிச்சா மட்டும் போயிடுமா?"

சார்ட் இன்னும் சுவரில்தான் இருந்தது. பிய்த்து எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. மூலையில் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் விரித்தேன். விரல் வைத்து ஒவ்வொரு பெயராக எண்ணினேன். மொத்தம் பதினேழு. போனவளைக் கழித்தால், அந்தப் போட்டோவில் இன்னும் பதினாறு.