விளக்குக்காரிக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள்

போஸ்டரில் ‘ஒரு வரி மாறாமல்’ என்று போட்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘கதையைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றியிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால், சரி, சினிமாக்காரர்கள் என்று விட்டிருப்பேன். இவர்களோ, ‘லட்சோபலட்சம் வாசகர்களின் உள்ளம் கவர்ந்த படக்கதை, ஒரு வரி மாறாமல் உங்கள் வெள்ளித்திரையில்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, மெயின்கார்டு கேட்டில் நான் தினமும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்போது நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்தால் நிஜம் என்று நம்புகிற வயசு. நம்பியதோடு நிற்காமல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

படக்கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு பக்கம் வந்தது. எங்கோ ஒரு கடலோரக் கிராமம், அங்கே ஒரு கலங்கரை விளக்கம். காவல்காரர் பக்கவாதம் வந்து படுத்துவிடுகிறார். அவருடைய மகள் அப்பாவின் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, படியேறி விளக்கை ஏற்றுகிறாள். கள்ளக்கடத்தல் கும்பல் ஒரே ஒரு ராத்திரி விளக்கை அணைத்து வைக்கச் சொல்கிறது. பயமுறுத்துகிறார்கள், ஆசை காட்டுகிறார்கள். அவள் அணைக்கவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் படம் போட்டவர் கை இருக்கிறதே! பக்கம் முழுக்க மசி இருட்டு. நடுவில் வளைந்து வளைந்து படிக்கட்டு. மேலே துளியூண்டு வெள்ளை விட்டிருப்பார், அதுதான் விளக்கு. அவள் அதிகம் பேசமாட்டாள். வாய்க்குப் பக்கத்தில் வருகிற பலூனில் இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்காது. பாட்டு கிடையாது, அழுகை கிடையாது. சிரிப்புக்கூட ஒரே ஒரு தடவை, அதுவும் நாய்க்குட்டியைப் பார்த்து.

எங்கள் ஆத்தில் பத்திரிகை வந்தால் முதலில் அப்பா. ஆபீஸுக்குப் போகிற அவசரத்திலும் அந்த இரண்டு பக்கத்தைப் பார்க்காமல் சட்டை மாட்டமாட்டார். “பொண்ணுன்னா இவ பொண்ணு! ராத்திரி முச்சூடும் ஒத்தையா நின்னு காரியம் பாக்கறா பாரு” என்று அம்மாவிடம் காட்டுவார். அம்மா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, “மழையில நனையறாளே, தலையத் துவட்டச் சொல்லுங்கோ” என்பாள். அப்புறம் அக்கா. அவளுக்குப் படக்கதையில் சிரத்தையே கிடையாது. அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே குறுக்கெழுத்துப் போட்டிக்குப் போய்விடுவாள். கடைசியாக நான். ஆனால் பக்கங்களைப் பிளேடால் அறுத்து எடுத்து, தொடர் முடிந்ததும் தைத்து அட்டை போடும் உரிமை என்னுடையது. எல்லார் ஆத்திலும் அப்படித் தைத்து வைத்த புத்தக அடுக்கு ஒன்று இருக்கும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்குவோம்.

கதை முக்கால்வாசி ஓடியிருக்கும். ஒரு வாரம் பத்திரிகை அட்டையில் அருவியில் குளிக்கிற பெண் ஒருத்தியின் படத்தைப் போட்டுவிட்டார்கள். அப்பா அதை விரல் நுனியால் புரட்டிக் கவிழ்த்து வைத்தார். “நாலு பேர் குடித்தனம் பண்ற இடத்துல இதெல்லாம் வேண்டாம்.” அன்றைக்கே பேப்பர்காரரிடம் சொல்லிப் பத்திரிகையை நிறுத்திவிட்டார். விளக்குக்காரி புயலில் மாட்டிக்கொண்டு பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்கு அவள் இன்னும் அங்கேயேதான் நின்றாள். நான் தில்லை நகரில் இருந்த சிநேகிதி வீட்டில் வாராவாரம் தொடர்ந்து படித்தேன். அப்பாவிடம் அதைச் சொல்ல முடியுமோ?

முடிவைச் சொல்கிறேன். கும்பலைப் பிடித்துக்கொடுத்த பிறகு, துப்பறிய வந்த இன்ஸ்பெக்டர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனுஷர்தான். பட்டணத்துக்கு மாற்றலாகிறது, கூட வந்துவிடு என்கிறார். பலூனில் அவள் பதில்: ‘விளக்கு ஏத்தணும்.’ அவ்வளவுதான். கடைசிப் படத்தில் அவள் முதுகு தெரிகிறது, காக்கிச் சட்டை தெரிகிறது, படி தெரிகிறது. இன்ஸ்பெக்டர் கீழே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். வார்த்தையே இல்லை. சிநேகிதி வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நான் எத்தனை நேரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

தொடர் முடிந்து வெகுநாள் கழித்து அக்காவுக்கு மதராஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு ஆர்டர் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பும் சுருக்கெழுத்தும் தேறி, இரண்டு வருஷமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள். மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அப்பா ஆர்டரைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

“ராத்திரி டியூட்டின்னு போட்டிருக்கே?”

“மாத்தி மாத்தி வரும்ப்பா.”

“ஹாஸ்டல்ல இருந்துண்டு, நடுராத்திரி ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஹலோ சொல்லிண்டு... பாக்கலாம்.”

எங்கள் அப்பாவின் ‘பாக்கலாம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம். நாள் ஓடியது. அக்கா ஆர்டரைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டுக் கோலமாவு அரைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அப்போதுதான் மெயின்கார்டு கேட்டில் போஸ்டர் ஒட்டினார்கள்.

என் மூளை எப்படி ஓடியிருக்கும் என்று பாருங்கள். அப்பாவுக்கு விளக்குக்காரி என்றால் உயிர். அவள் முடிவில் என்ன செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது. ராத்திரி வேலையை விடமாட்டேன் என்று அவள் படியேறிப் போவதை அவர் கண்ணாலே பார்த்துவிட்டால்? நான் சொன்னால் அதிகப்பிரசங்கி. விளக்குக்காரி சொன்னால் கேட்பாரே! “அப்பா, அந்தப் படக்கதை சினிமாவா வந்திருக்கு. ஒரு வரி மாத்தலையாம்” என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. “அந்தப் பொண்ணா? புயல்ல என்னாச்சு அவளுக்கு?” ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்கு அக்காவும் நானும் அப்பாவும் கிளம்பினோம்.

தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கியபோதே சந்தேகம் தட்டியது. பேசவே பேசாத பெண்ணுக்கு ஐந்து பாட்டு! அதில் ஒன்று கனவுப் பாட்டு. கதைச் சுருக்கம் போட்டு, வழக்கம்போல ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அப்பா ஆண்கள் பக்கம் போய்விட்டார். நாங்கள் பெண்கள் பக்கம்.

காக்கிச் சட்டையைக் காணோம். ஜிகினா வைத்த தாவணியில் விளக்குக்காரி படிக்கட்டில் சுற்றிச் சுற்றி ஆடினாள். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கியவளின் கையில் பூக்கூடை. சமையற்காரராக ஒரு காமெடியன் வந்து கலங்கரை விளக்கத்தில் அப்பளம் பொரித்தார். இவற்றையெல்லாம்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னித்தேன், சத்தியமாக. நாய்க்குட்டி இல்லையா, போகட்டும். கடற்கரைக்குப் பதில் ஏரிக்கரையில் எடுத்தார்களா, எடுக்கட்டும். மசிக்கோடு எல்லாம் அப்படியே நடமாட வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. காகிதம் வேறு, திரை வேறு. ஆனால் அவள் எதற்காக அவளாக இருக்கிறாளோ, அதைப் பிடுங்கிவிட்டு, அவள் பேரை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணலாமோ?

முடிவு வந்தது. இன்ஸ்பெக்டர் கல்யாணத்துக்குக் கேட்டார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ‘விளக்கு ஏத்தணும்’ என்று சொல்லு, சொல்லு! அவள் தலையைக் குனிந்து, கட்டைவிரலால் தரையில் கோடு போட்டாள். நாதஸ்வரம் முழங்கியது. மாங்கல்யம் ஏறியது. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டுக் கலங்கரை விளக்கத்துக்கே காவல்காரராகிவிட்டார்! அவர் படியேறுகிறார். அவள் கீழே அடுப்படியில் அகல்விளக்கு ஏற்றிவைத்துக் கும்பிட்டுக்கொண்டு, ‘ஆயிரம் கப்பலுக்கு அவர் விளக்கு, அவருக்கு நான் விளக்கு’ என்கிறாள். சுபம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது, கோபத்தில். பக்கத்தில் காட்டூரிலிருந்து வந்திருந்த அம்மாள், இடுப்புக் குழந்தையைத் தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம் பாப்பா அழுவுறே? அதான் தாலி கட்டிட்டாருல்ல?”

“அதுக்குத்தாங்க அழறேன்.”

“நல்லாருக்கே!” என்று அவர் அந்தப் பக்கத்து அம்மாளிடம், “காலேஜு படிக்கிற புள்ள போல” என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தலையெழுத்தே போய்க்கொண்டிருக்கிறது, சிரிக்கிறாள்!

வாசலில் அப்பா எங்களுக்காகக் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “பேஷ்! நன்னா முடிச்சுட்டான். நான்கூடப் பயந்துண்டே இருந்தேன், அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் ராத்திரி ராத்திரி அங்கேயே கிடந்து திண்டாடுமோன்னு.” அதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்த்தார். பஸ் ஏறி உட்கார்ந்ததும், “என்னடியம்மா, பாத்தியோன்னோ? எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் கடைசியில...” என்று ஆரம்பித்தார். காவிரிப் பாலம் வருவதற்குள் என் பொறுமை போய்விட்டது.

“கதையில அப்படி இல்லவே இல்லேப்பா! அவ கல்யாணமே பண்ணிக்கலை!”

அப்பா திரும்பினார். “நோக்கு எப்படித் தெரியும்?”

போச்சு. சிநேகிதி வீட்டு விஷயம் அம்பலமானது. ஆனாலும் விடவில்லை. “எப்படியோ தெரியும். கல்யாணம் வேண்டாம், விளக்கு ஏத்தணும்னு சொல்லிட்டு அவ மேல போயிடறா. அதான் முடிவு. இவா தலைகீழா மாத்திட்டு ஒரு வரி மாத்தலைன்னு போட்டிருக்கா. பொய்யில்லையோ? போன மார்கழியில கோயில் கோஷ்டியில உங்க பக்கத்துல இருந்தவர் பாசுரத்துல ஒரு சொல்லை மாத்திச் சேவிச்சார்னு அப்படியே நிறுத்தச் சொன்னேளே! தை பொறக்கற வரைக்கும் அவரோட பேசலையே! ஒரு சொல்லுக்கு அத்தனை கோபம் வந்தவருக்கு, ஒரு கதையையே கவுத்துப் போட்டிருக்கான், கோபம் வரலையா?”

“அது பெரியவா வாக்கு. இது பொட்டலம் கட்டற காகிதம். ரெண்டும் ஒண்ணாடி?”

“எழுதினவன் எழுதினதை மாத்தறது மட்டும் ஒண்ணுதான்!”

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டே வந்தார். “சாமி சொல்றதுதான் சரிம்மா. கடைசியில கல்யாணம் இல்லேன்னா எவன் டிக்கெட் வாங்குவான்? நான் ரெண்டு வாட்டி பாத்துட்டேன்.” பஸ்ஸே சிரித்தது. அப்பா கௌரவமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டாராம்.

ஆத்துக்கு வந்தும் நான் ஓயவில்லை. சிநேகிதி தைத்து வைத்திருக்கிற பக்கங்களை நாளைக்கே வாங்கிவந்து காட்டுகிறேன் என்றேன். அப்பா, அதற்குப் பதில், சினிமா எடுத்தவர்கள் அனுபவஸ்தர்கள், கதை எழுதியவனுக்குக் குடும்பம் குட்டி இருக்காது என்றார். நான் அவனுக்குக் குடும்பம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றேன். அம்மா, “கடைசியில அந்தப் பொண்ணு தலையத் துவட்டிண்டாளா இல்லையா?” என்று கேட்டாள். சத்தம் தெருவரை போயிருக்கும்.

அக்கா சாப்பிட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்பா, நான் அந்தப் படக்கதையைப் படிச்சதே இல்லை.”

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினோம்.

“மத்தியானத்துலேர்ந்து ரெண்டு பேரும் அவ என்ன பண்ணினா, என்ன பண்ணலைன்னே பேசிண்டிருக்கேள். அவ கல்யாணம் பண்ணிண்டா பண்ணிக்கட்டும், பண்ணிக்காட்டாப் போகட்டும். ஆர்டர் என் பேருக்கு வந்திருக்கு. நேக்குப் போகணும். போகட்டுமான்னு கேக்கறேன். அவளைப் பத்திச் சொல்லாம என்னைப் பத்திச் சொல்லுங்கோ.”

அக்கா அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்கமாட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். “ராத்திரி டியூட்டி முடிஞ்சா எப்படித் திரும்பறது?” என்று கேட்டார்.

“ஆபீஸ் வேன் ஹாஸ்டல் வாசல்ல கொண்டு விடும்.”

“வேன்ல கூட யார் இருப்பா?”

“என்னை மாதிரி வேலை முடிஞ்சு போறவா.”

அதற்கப்புறம் சாப்பாடு, வாடகை, லீவு என்று கேள்வி மேல் கேள்வி. ‘பாக்கலாம்’ மட்டும் வரவில்லை. அம்மா படுக்கைச் சுருளுக்குக் கயிறு தேட ஆரம்பித்துவிட்டாள்.

மாதக் கடைசியில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் அக்காவை ரயிலேற்றினோம். அப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த மாமியிடம், “எங்க பொண்ணு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில சேரப்போறா. ராத்திரிகூட வேலை பாக்கணும், ரொம்பப் பொறுப்பான உத்தியோகம்” என்று கேட்காமலே சொன்னார். அந்த மாமி அசந்துபோனாள். வண்டி நகர்ந்து, அக்காவின் கை தெரிகிற வரை துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “இப்போ சொல்லுங்கோப்பா. கதையில இருந்த முடிவு சரியா, சினிமா முடிவு சரியா?”

“சினிமாதான்.” துளி யோசிக்கவில்லை.

“அக்காவை இப்பத்தானே அனுப்பிவெச்சேள்!”

“அவ நம்மாத்துப் பொண்ணு. அவளை நமக்குத் தெரியும், அனுப்பலாம். சினிமான்னா ஊரே பாக்கறது இல்லையோ? ஊருக்கு அப்படித்தான் காட்டணும்.”

அப்பா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வெற்றிலை வாங்க நின்றுவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த மாட்டினியில் எத்தனை பேர் ஆத்துப் பெட்டியில் புடவைக்கு அடியில் ஒரு ஆர்டர் கிடந்ததோ. அத்தனை அப்பாக்களும் ‘பேஷ்’ என்றுதானே வெளியே வந்திருப்பார்கள்? எங்கள் ஆத்தில் அக்கா வாயைத் திறந்தாள். திறக்காதவள் என்ன செய்வாள்? அவளுக்காகத்தான் ஒருத்தர் மசி தொட்டுப் படி படியாக வரைந்து, ஒரு பெண்ணை மேலே ஏற்றி நிறுத்தியிருந்தார். அவளைக் கீழே இறக்கி அடுப்படியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு வரி மாற்றவில்லை என்கிறார்கள்!