நெடுந்தீவுக்குக் கொண்டுபோன சலாது

காலை பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டேன். மடியில் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு மேல் நுவரெலியாச் சலாது இலை, கெக்கரிக்காய், தக்காளி. எல்லாம் நெடுந்தீவில் இருக்கும் என் அக்காவுக்கு. அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் வாயெல்லாம் புண். கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்குவதில்லை என்று அத்தான் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவள் போன கிழமை தொலைபேசியில், "பிரான்சிலை மருமகள் செய்து தந்த சலாது தின்னவேணும்போல கிடக்கு. வந்து செய்து தாறியோ?" என்று கேட்டாள். அவளுக்குப் பசி வந்துவிட்டதென்று சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். மடத்துவெளி தாண்டியதும் வழிநெடுக ஆளில்லாத வீடுகள், காய்ந்த வயல்கள். துறையில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தணியட்டும் அக்கா. இப்ப விட ஏலாது," என்றார் படகோட்டி.

"ஐஸ் உருகுது அண்ணை."

"மீனோ?"

"இல்லை, இலை. வருத்தக்காரிக்கு."

அவர் பெட்டியை வாங்கி இயந்திர அறையின் நிழலில் வைத்தார்.

ஒரு மணித்தியாலக் கடல். பாதிப் பேர் குனிந்து கடலுக்குள் சத்தி எடுத்தார்கள். நெடுந்தீவில் இறங்கி ஓட்டோவில் வீட்டுக்குப் போனபோது மதியம் திரும்பியிருந்தது.

கட்டிலில் அக்காவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிறுத்துப் போயிருந்தாள்.

குசினிக்குள் போனேன். கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கக் கொண்டுவந்து வைத்திருந்த நல்ல தண்ணீரை அத்தான் இலை கழுவ ஊற்றித் தந்தார். ஜாம் போத்தலுக்குள் கள்ளு வினாகிரி, அதைப்போல மூன்று பங்கு ஒலிவ் எண்ணெய், அரைத்த கடுகு, உப்பு, சீனி போட்டு, தடிக்கும் வரை குலுக்கினேன். புண் எரியுமே என்று வினாகிரியை இன்னும் குறைக்க நினைத்தேன். குறைத்தால் சலாதே இல்லை. வெங்காயத்தை மட்டும் விட்டேன்.

சலாதுக் கோப்பையோடு வந்தால், அக்கா புதுச்சேலை கட்டிக் கதிரையில் இருந்தாள். அத்தான் தலை வாரிவிட்டிருந்தார்.

"சுதனுக்கு வீடியோவிலை எடு. கோப்பையும் தெரியட்டும்."

சலாது அவனுக்குக் காட்டத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாரிசில் இருக்கும் மகன் சுதனுக்கு நோயின் பேரே தெரியாது. மருமகளுக்கு அடுத்த மாதம் பிள்ளைப்பேறு.

"அம்மா! அது எங்கடை வீட்டுச் சலாதெல்லோ!"

"ஓமடா. இப்ப எல்லாம் சாப்பிடுறன்." ஒரு இலையை வாய்க்குள் வைத்துச் சிரித்தாள். மென்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"ஏனம்மா அழுறீங்கள்?"

"வினாகிரி கூடிப்போச்சு. உன்ரை சின்னம்மாவுக்குச் செய்யத் தெரியேல்லை."

மகன் சிரித்தான். அவள் இன்னொரு இலையை எடுத்தாள். பிறகு தக்காளி. நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு முடிந்ததும் அத்தான் சட்டியோடு ஓடிவந்தார். அக்கா சத்தி எடுத்ததெல்லாம் இரத்தம் கலந்து வந்தது.

"ருசியாவது தெரிஞ்சதோ அக்கா?"

"ஒண்டும் தெரியேல்லை." மூச்சு வாங்கினாள். "அவனுக்குச் சொல்லிப்போடாதை. அவன் வெளிக்கிட்டால் மருமகள் பிள்ளை அங்க தனிச்சுப்போம்."

மிச்சச் சலாதை அத்தான் குசினி நிலத்தில் குந்தியிருந்து தின்றார். "நல்லாயிருக்கு," என்றார், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலைப் படகில் திரும்பினேன். குறிகட்டுவானில் சுதனின் குரல்செய்தி வந்தது. "சின்னம்மா, அம்மாவைக் கண்டபிறகு நிம்மதியா நித்திரை கொண்டனான். பிள்ளை கொஞ்சம் வளந்தாப்பிறகு எல்லாரும் சேர்ந்து வாறம்."

பஸ் புறப்பட நின்றது. 'ஓம் ராசா, வாங்கோ' என்று எழுதி அனுப்பினேன். இப்பவே வெளிக்கிட்டால், அக்கா இருக்கும்போதே அவன் வந்து சேர்ந்துவிடலாம். அந்த 'இப்பவே'யைத்தான் என்னால் எழுத முடியவில்லை.